அழுதால் மட்டும் போதுமா? மின்கட்டணமும் எங்கள் குரலும்

எங்கள் ஒழுங்கையில் தனியாக வாழும் ஆச்சி ஒருவர், வீட்டுக்கு வரும் கரண்ட் பில்களையெல்லாம் ஒரு பழைய பால்மா ரின்னுக்குள் போட்டு வைப்பார். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், வெளிநாட்டிலிருந்து மகன் எப்போதோ எழுதிய கடிதம், கரண்ட் பில் எல்லாம் ஒரே ரின்னுக்குள். பண்டத்தரிப்பின் பழைய ஆட்கள் பலரிடம் இந்தப் பழக்கம் உண்டு. எதையும் எறிய மாட்டார்கள். ஒரு நாளைக்கு உதவும் என்பார்கள்.

2023 மார்ச்சில் ஒரு பின்னேரம் அந்த ரின்னைக் கையில் தூக்கிக்கொண்டு என் வீட்டுப் படலையைத் திறந்தார்.

“பிள்ளை, இதிலை என்ன போட்டிருக்கு எண்டு ஒருக்காப் பாரன். மீற்றர் பழுதோ?”

மீற்றர் பழுதில்லை. ஆச்சி வீட்டில் மூன்று மின்குமிழ், ஒரு மின்விசிறி, ஒரு வானொலி. குளிர்சாதனப் பெட்டி கிடையாது. மாதம் முப்பது அலகைத் தாண்டுவது அரிது. அவர் செலவழித்த அலகு மாறவில்லை, விலைதான் மாறியிருந்தது. ரின்னுக்குள் இருந்த பில்களை நாள் வரிசையில் அடுக்கிப் பார்த்தேன். 2022 ஓகஸ்ட் 10க்கு முன்னர் முப்பது அலகு வரை பாவிக்கும் வீட்டுக்கு அலகொன்று 2 ரூபாய் 50 சதம், நிலையான கட்டணம் 30 ரூபாய். முப்பது அலகுக்கு வரி சேர்க்காமல் 105 ரூபாய். அந்த ஓகஸ்டில் அது அலகுக்கு 8 ரூபாயும் நிலையான கட்டணம் 120 ரூபாயுமாகி, மொத்தம் 360 ஆனது. 2023 பெப்ரவரியில் அலகுக்கு 30 ரூபாய், நிலையான கட்டணம் 400 ரூபாய். மொத்தம் 1,300. ஏறக்குறைய ஆறு மாதத்தில் 105 ரூபாய் 1,300 ரூபாயாகிவிட்டது. நாடு முழுவதற்கும் சராசரியாக முதலில் 75 சதவீதம், பிறகு 66 சதவீதம் என்று பத்திரிகைகள் எழுதின. சராசரி என்பது ஆச்சியின் வீட்டைக் காட்டாத ஒரு கணக்கு. மிகக் குறைவாகப் பாவித்தவருக்குத்தான் பன்மடங்கு ஏறியது.

“அப்ப லாம்பைக் கொளுத்தலாம்” என்றார். அதுவும் முடியாது. அதே 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியிருந்தது. மாதகல் கடற்றொழிலாளர்கள் அந்த விலையில் கடலுக்குப் போவதா விடுவதா என்று யோசித்துக்கொண்டிருந்த காலம் அது.

அதன் பின் ஆச்சி கேட்ட கேள்வியால்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். “இதை ஆர் தீர்மானிக்கிறது? அவையிட்டை எங்கட ஆக்கள் ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லையோ?”

படிப்பிக்கிறவள் என்று பெயர். ஆனாலும் அன்று எனக்கு ஒழுங்கான பதில் தெரியவில்லை. “மின்சார சபைதான் ஆச்சி” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அது பிழையான பதில். உங்களில் பலரும், உங்கள் உம்மாவும் வாப்பாவும்கூட, இதையேதான் சொல்லியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

மின்சார சபை விலையைக் கேட்கும். அந்த விலை சரியா என்று பார்த்து அனுமதிப்பது வேறொரு நிறுவனம், இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு. 2002ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. மின்சாரத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் 2009ஆம் ஆண்டின் 20ஆம் இலக்க இலங்கை மின்சாரச் சட்டத்தால் அதன் கைக்கு வந்தது. மின்சாரத்தை ஒரே இடத்தில்தான் வாங்க முடியும். ஒரு கடையில் விலை கூடினால் அடுத்த கடைக்குப் போவதுபோல இதில் போக முடியாது. அதனால் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவே ஒருவர் இருந்து, “இந்தச் செலவு உண்மைதானா? இவ்வளவு கேட்பது நியாயமா? தருகிற மின்சாரம் தரமானதா?” என்று கேட்க வேண்டியிருக்கிறது. உலகின் பல நாடுகளிலும் இப்படியான நடுவர் அமைப்புகள் உண்டு. அமெரிக்காவின் விஸ்கொன்சின், நியூயோர்க் மாநிலங்கள் 1907இலேயே இவற்றை ஏற்படுத்திவிட்டன.

எங்கள் ஆணைக்குழு விலையைத் தீர்மானிக்க முன்னர் ஒரு வேலை செய்கிறது. சபை கேட்கும் விலையைப் பகிரங்கமாக வெளியிட்டுப் பொதுமக்களின் கருத்தைக் கேட்கிறது. தபாலில், மின்னஞ்சலில், வட்ஸ்அப்பில் எழுதலாம். நேரில் போய்ப் பேசலாம். அண்மைக் காலத்தில் இந்த வாய்மொழி அமர்வுகள் ஒன்பது மாகாணங்களிலும் நடக்கின்றன. வட மாகாணத்துக்கும் ஓர் அமர்வு உண்டு. பேசுவதற்குச் சட்டத்தரணி தேவையில்லை, கட்டணம் இல்லை. தமிழில் பேசலாம், தமிழில் எழுதலாம்.

இதையெல்லாம் நான் எப்படி அறிந்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். பஸ் தரிப்பிடத்தில் வாங்கிய கச்சான் சுற்றி வந்த பத்திரிகைத் துண்டில் கருத்துக் கேட்கும் அறிவித்தல் இருந்தது. வாசித்தபோது கடைசித் திகதி கடந்து இரண்டு கிழமை.

கருத்துக் கேட்பதெல்லாம் கண்துடைப்பு, முடிவு முன்னமே எடுத்தாயிற்று என்று சொல்பவர்கள் எங்கள் ஊரில் உண்டு. உங்கள் ஊரிலும் இருப்பார்கள். அவர்கள் சொல்வதை ஒரேயடியாகத் தள்ள முடியாது. 2023 பெப்ரவரியின் 66 சதவீத உயர்வை ஆணைக்குழுவின் அன்றைய தலைவர் ஜனக ரத்நாயக்க எதிர்த்தார். ஏனைய உறுப்பினர்கள் அனுமதித்தார்கள். அதே ஆண்டு மே 24ஆம் திகதி பாராளுமன்றம் அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. ஆதரவாக 123 வாக்குகள், எதிராக 77. அவர் செய்தது எல்லாம் சரி என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் அந்த வாக்கெடுப்பு நடந்த கிழமையில் எங்கள் ஊர்ச் சந்தியில் அதைப் பற்றி ஒருவர்கூடப் பேசியதை நான் கேட்கவில்லை. விலையைப் பற்றி எல்லாரும் பேசினார்கள். விலையைத் தீர்மானிக்கும் கதிரையில் யார் இருக்கிறார், அவரை யார் எழுப்புகிறார் என்பதைப் பற்றிப் பேச்சே இல்லை. நடுவருக்குப் பின்னால் மக்கள் நிற்காவிட்டால் அவரை அசைப்பது எவருக்கும் சுலபம்.

ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. 2024ஆம் ஆண்டின் இறுதியில் மின்சார சபை, அடுத்த ஆறு மாதங்களுக்குக் கட்டணத்தில் மாற்றம் வேண்டாம், இருப்பதே இருக்கட்டும் என்று கேட்டது. ஆணைக்குழு ஒன்பது மாகாணங்களிலும் அமர்வுகளை நடத்தியது. எழுத்திலும் பேச்சிலும் வந்த கருத்துகளைப் பார்த்தது, சபையின் கணக்கையும் துருவிப் பார்த்தது. 2025 ஜனவரி 17ஆம் திகதி கட்டணத்தைச் சராசரியாக 20 சதவீதம் குறைத்தது. முப்பது அலகுக்குள் பாவிப்பவருக்கு அலகு 4 ரூபாய், நிலையான கட்டணம் 75 ரூபாய். ஆச்சியின் பில் 195 ரூபாய்க்கு இறங்கியது. அதே ஆண்டு ஒக்டோபரில் சபை 6.8 சதவீத உயர்வு கேட்டபோது ஆணைக்குழு மறுத்துவிட்டது. கேட்டதெல்லாம் கிடைப்பதில்லை என்பதைச் சபையும் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

இந்த இரண்டு முடிவுக்கும் இடையில், 2025 ஜூன் 12 முதல், 15 சதவீதம் உயர்த்தவும்பட்டது. ஜனவரியில் அளவுக்கு மிஞ்சிக் குறைத்ததால்தான் ஜூனில் கூட்ட நேர்ந்தது என்று சொன்னவர்கள் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. விலையைக் குறைக்கச் சொல்வது மட்டும்தான் எங்கள் வேலை என்று நினைத்துவிடக் கூடாது. 2013க்குப் பிறகு ஒன்பது ஆண்டுகள் கட்டணம் உயர்த்தப்படவே இல்லை. அப்போது எல்லாருக்கும் சந்தோசம். சபையின் நட்டம் ஒரு பக்கம் மலையாக வளர்ந்துகொண்டிருந்தது. அந்த நட்டத்தைச் சுமந்தது அரசாங்கம், அதாவது சீனிக்கும் பருப்புக்கும் வரி கட்டும் நாங்கள்தான். பிறகு 2022இல் எரிபொருள் வாங்க டொலர் இல்லை. அந்த மார்ச் மாதக் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. அடுத்த சில நாள்களில் நோன்பு தொடங்கியது. ஸஹருக்கு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சோறு பரிமாறிய உம்மாமார் அதை மறந்திருக்க மாட்டார்கள். எந்தப் பகுதிக்கு எத்தனை மணித்தியாலம் வெட்டு என்ற பட்டியலை அங்கீகரித்ததும் இதே ஆணைக்குழுதான். ஒன்பது ஆண்டுகளாக ஆண்டுக்கு ஒரு தரம் எங்களைக் கேட்டு, கொஞ்சம் கொஞ்சமாக விலையைத் திருத்தியிருந்தால் ஆறு மாதத்தில் இந்த இடி விழுந்திருக்காது. மலிவு விலையும் எங்களைக் கேளாமல்தான் வந்தது, பிறகு வந்த இடியும் அப்படியே.

மாணவிகளே, உங்களுக்கு நேரே பட்ட ஒரு சம்பவத்தையும் சொல்கிறேன். உங்கள் அக்காமாரைக் கேட்டால் தெரியும். 2022ஆம் ஆண்டுக்கான உயர்தரப் பரீட்சை 2023 ஜனவரி 23ஆம் திகதிதான் தொடங்கியது. பரீட்சைக் காலத்தில் மின்வெட்டு வேண்டாம் என்று ஆணைக்குழு சொன்னது. மின்வெட்டு தொடர்ந்தது. மனித உரிமைகள் ஆணைக்குழு தலையிட்டது, விடயம் உயர் நீதிமன்றம் வரை போனது. கடைசியில் பெப்ரவரி தொடக்கத்தில், பரீட்சை முடியும் 17ஆம் திகதி வரை மின்வெட்டு இராது என்று மின்சார சபை நீதிமன்றத்தில் உறுதியளித்தது. அதற்குள் பத்து நாள் போய்விட்டது. அந்தப் பத்து நாளில் இரவில் குப்பி விளக்கோடு படித்த பிள்ளைக்கு அந்த உறுதிமொழி பிந்தி வந்த கடிதம்தான். ஆனாலும் வந்தது. யாரோ முறையிட்டதால் வந்தது.

குப்பி விளக்கு என்றதும் எனக்கு வேறொன்று நினைவுக்கு வருகிறது. 1990களில் யாழ்ப்பாணத்தில் ஆண்டுக்கணக்கில் மின்சாரமே இருக்கவில்லை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சும் ஒரு சொட்டு மண்ணெண்ணெயும் விட்டு, திரியைக் கொளுத்திப் படித்த தலைமுறை நாங்கள். மூக்குக்குள் கரி படியும். அந்த விளக்கில் படித்துப் பல்கலைக்கழகம் போனவர்கள் பெருமையோடு அதைச் சொல்லிக்கொள்வார்கள். பெருமைதான். ஆனால் அது எங்களிடம் ஒரு குணத்தையும் விட்டுச் சென்றிருக்கிறது என்று நினைக்கிறேன். கரண்ட் வந்ததே பெரிய காரியம், இதில் என்ன கேள்வி கேட்பது என்ற குணம். பின்னேரம் ஏழு மணிக்கு மின்குமிழ் மங்கி எரிந்தால் பொறுத்துக்கொள்வோம். மீற்றர் வாசிக்க ஆள் வராமல் இரண்டு மாதத்தை ஒன்றாகக் கணக்கிட்டுப் பில் வந்தால் முணுமுணுத்துக்கொண்டு கட்டுவோம். தூக்கிக்கொண்டு போய் “இது ஏன்?” என்று கேட்பது மரியாதைக் குறைவு போலத் தோன்றும். எனக்கும் அப்படித்தான். ஒரு முறை என் வீட்டுப் பில் வழக்கத்தைவிட மூன்று மடங்காக வந்தபோது, உரிய அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்று, என் முறை வந்ததும் “பரவாயில்லை, கட்டுகிறேன்” என்று சொல்லிக் கட்டிவிட்டு வந்தவள் நான். வெட்கமாகத்தான் இருக்கிறது.

கேளாமல் இருப்பதால் வரும் கேட்டுக்குச் சுன்னாகத்தைவிடப் பெரிய சான்று எங்களுக்கு வேண்டாம். எங்கள் ஊரிலிருந்து சைக்கிளில் போய்வரும் தூரம். அங்கே இயங்கிய தனியார் அனல்மின் நிலையத்தின் கழிவெண்ணெயால் சுற்றுவட்டாரக் கிணறுகள் மாசடைந்தன. சுண்ணாம்புக் கல்லுக்குக் கீழே ஓடும் நீரையே குடித்து வாழும் ஊர்கள் எங்களுடையவை. ஆறு இல்லை, குழாய் நீர் எல்லா இடத்துக்கும் வரவில்லை. கிணற்றில் எண்ணெய் மணந்தால் எங்கே போவது? சனங்கள் போத்தலில் தண்ணீரை நிரப்பிக்கொண்டு ஒவ்வோர் அலுவலகமாக ஏறி இறங்கினார்கள். கடைசியில் வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2019 ஏப்ரல் 4ஆம் திகதி தீர்ப்பு வந்தது. மாசாக்கியவரே விலை கொடுக்க வேண்டும் என்ற கோட்பாட்டை ஏற்று, நொதேர்ன் பவர் கம்பனி இரண்டு கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும் என்று நீதிமன்றம் பணித்தது. கண்காணிக்க வேண்டிய அரச நிறுவனங்கள் தங்கள் கடமையைச் செய்யவில்லை என்றும் சொன்னது. வழக்குத் தொடுத்தவர் தென்னிலங்கையைச் சேர்ந்த ஒரு சூழலியலாளர், கலாநிதி ரவீந்திர குணவர்தன காரியவசம். அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். அதோடு, எங்கள் கிணற்றுக்காக வழக்குப் பேச வெளியூர்க்காரர் வர வேண்டியிருந்ததையும் யோசிக்க வேண்டும்.

இங்கே ஒரு தெளிவு. கிணற்று நீரைப் பாதுகாப்பது பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் வேலை அல்ல, அது சுற்றாடல் அதிகாரசபையின் பொறுப்பு. குழாய் நீரையாவது இந்த ஆணைக்குழு ஒழுங்குபடுத்த வேண்டும் என்பதுதான் சட்டத்தை எழுதியவர்களின் எண்ணம். அதற்கு வேண்டிய தனிச் சட்டம் இன்னும் வரவில்லை. ஆகவே தண்ணீர்க் கட்டணம் ஏறும்போது மின்கட்டணத்துக்கு இருப்பதுபோன்ற ஒரு நடுவர் எங்களுக்கு இல்லை. ஒரு சனத்துக்குத் தண்ணீரும் வெளிச்சமும் ஒரே வீட்டுக்குள்தான் வருகின்றன. முறையிடப் போனால்தான் கதவு வேறு வேறாக இருக்கிறது.

சரி, கதவு திறந்திருக்கும் மின்சாரத்திலாவது நாங்கள் ஏன் உள்ளே போவதில்லை? “அழுத பிள்ளை பால் குடிக்கும்” என்பார்கள் எங்கள் வீடுகளில். நாங்கள் அழாமலில்லை. தேநீர்க் கடையில், பஸ்ஸில், கிணற்றடியில் ஒவ்வொரு நாளும் அழுகிறோம். ஆனால் நடுவர் ஒருவரின் முன்னால் அழுகையை மட்டும் வைத்தால் அவர் அதை எப்படிக் கணக்கில் எடுப்பார்? “விலை கூடிப்போச்சு, குறையுங்கோ” என்பதை ஆயிரம் பேர் சொன்னாலும் அது ஒரே வசனம்தான். மறுபக்கத்தில் சபை பக்கம் பக்கமாக அட்டவணையோடு வருகிறது. பெரிய தொழிற்சாலைகளும் ஹோட்டல்களும் கணக்காளரை வைத்து எழுதிக் கொடுக்கின்றன. தமிழ்நாட்டிலும் இதே கதைதான். 2022 ஓகஸ்டில், ஆச்சியின் பில் முதலில் ஏறிய அதே மாதத்தில், தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கோயம்புத்தூர், மதுரை, சென்னை ஆகிய மூன்று நகரங்களில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தியது. சங்கமாகத் திரண்டு, தாளோடு வந்த தொழில்முனைவோருக்கு அங்கே ஒரு குரல் இருந்தது. மூன்று நகரத்துக்கும் வர முடியாத கிராமத்துப் பெண்ணுக்கு யார் பேசுவது என்ற கேள்வி அங்கும் எஞ்சியே நிற்கிறது.

ஆகவே என் கருத்தில் குறை இரண்டு பக்கமும் உண்டு. முதலில் ஆணைக்குழு. மாகாணத்துக்கு ஓர் அமர்வு என்பது கொழும்பில் மட்டும் நடத்துவதைவிட நல்லது, மறுக்கவில்லை. ஆனால் வேலை நாளில், வேலை நேரத்தில், நகரத்தில் நடக்கும் அமர்வுக்கு யார் போக முடியும்? தோட்டத்தில் வெங்காயத்துக்கு இறைக்க நிற்கும் கமக்காரன் போக மாட்டான். கூலிக்குப் போகும் தாய் ஒரு நாள் சம்பளத்தை விட மாட்டாள். எங்கள் சண்டிலிப்பாய்ப் பிரதேச செயலகத்தில் ஒரு மண்டபம் இருக்கிறது. பள்ளிவாசல்களிலும் கோயில்களிலும் ஒலிபெருக்கி இருக்கிறது, கிராம அலுவலரிடம் ஒவ்வொரு வீட்டின் விபரமும் இருக்கிறது. விடுமுறை நாளொன்றில், பிரதேச மட்டத்தில் ஓர் அமர்வை வைத்து, “உங்களைப் போன்ற வீட்டுக்கு இப்போது இவ்வளவு, இனி இவ்வளவு” என்று ஒரு பக்கத்தில் எளிய தமிழில் அச்சடித்துக் கொடுத்தால் கூட்டம் வருமா வராதா என்று பார்க்கலாம். சராசரிச் சதவீதத்தை மட்டும் சொன்னால் ஆச்சிக்கு விளங்காது. 105, 360, 1,300 என்று சொன்னால் விளங்கும்.

அடுத்தது நாங்கள். பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பில்லை வாப்பா கட்டிவிட்டுக் கிழித்து எறியும் வீடுகளில், அதை மகளிடம் ஒரு முறை கொடுங்கள். வீட்டில் எத்தனை மணிக்கு எந்த மின்குமிழ் எரிகிறது, மோட்டர் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று வீட்டுக்குள் இருப்பவருக்குத்தான் தெரியும். பெரும்பாலும் அது பெண்கள்தான். ஆனால் இப்படியான அமர்வுகளில் பேச எழும்புவது பெரும்பாலும் ஆண்கள். அறுபது அலகைத் தாண்டினால் கட்டண அட்டவணையே மாறிவிடும், முதல் அலகிலிருந்தே கூடிய விலை என்பதை வீட்டில் யாராவது கவனித்திருக்கிறீர்களா? இதைக் கணித பாடத்தில் செய்ய வைக்கலாம். பன்னிரண்டு மாதப் பில்லை எடுத்து, எத்தனை நாளுக்கு எத்தனை அலகு, எந்தப் படியில் எந்த விலை, எந்த மாதத்தில் மீற்றர் வாசிக்கப்படவில்லை, எந்தெந்த நாளில் வெளிச்சம் மங்கியது என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்தால், அது ஒரு பிள்ளையின் ஒப்படை மட்டுமல்ல. நாற்பது பிள்ளைகள் ஆளுக்கொரு கொப்பி வைத்தால் ஓர் ஊரின் சாட்சியம். அப்படியான கொப்பிகளோடு உங்கள் வகுப்பு ஓர் அமர்வுக்குப் போனால், கேட்பவர்கள் பேனையை எடுக்க வேண்டி வரும்.

மின்சார சபையைப் பல கம்பனிகளாகப் பிரிக்கத் தீர்மானிக்கப்பட்டது. 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புதிய மின்சாரச் சட்டமும் 2025இல் அதற்கு வந்த திருத்தமும் அதற்காகத்தான். உங்கள் பில்லின் தலைப்பில் வேறொரு பெயர் இருக்கலாம். விற்பவர் பெயர் மாறினாலும் விலையைப் பார்க்கும் நடுவர் இதே ஆணைக்குழுதான். கேட்கும் உரிமையும் அப்படியே இருக்கிறது.

2025 செப்டெம்பரில் மறுபடியும் கருத்துக் கேட்கும் அறிவித்தல் வந்தது. இம்முறை கச்சான் துண்டுக்குக் காத்திருக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆச்சி வீட்டு விறாந்தையில் இருந்து, ரின்னுக்குள் இருந்த பில்களைப் பார்த்துப் பார்த்து ஒரு கடிதம் எழுதினோம். ஆச்சி சொல்லச் சொல்ல நான் எழுதினேன். முப்பது அலகுக்குள் வாழும் ஒரு வீட்டில் என்னென்ன இருக்கின்றன, 105 ரூபாய் எப்படி 1,300 ஆனது, அந்த மாதங்களில் அவர் எதைக் குறைத்தார் என்று ஒரு பக்கத்துக்குள் முடித்தோம். குறைத்தவற்றில் முதலாவதாக அவர் சொன்னது வானொலி. எனக்கு அது தெரியாது. அடுத்த வீட்டில் இருந்துகொண்டு ஆறு மாதமாக அந்த வானொலியின் சத்தம் கேட்கவில்லை என்பதை நான் கவனிக்கவே இல்லை.

அந்தத் தடவை உயர்வு மறுக்கப்பட்டது. எங்கள் கடிதத்தால் அல்ல, அப்படி நினைக்குமளவுக்கு நாங்கள் பேதைகள் அல்ல. ஆனால் பத்திரிகையில் அந்தச் செய்தியை வாசித்துக் காட்டியபோது ஆச்சி கேட்டார், “அப்ப அடுத்த முறை எப்ப எழுத வேணும்?”

மூன்று மாதத்துக்கொருமுறை வரலாம் என்றேன். “அப்ப ஒழுங்கை முகப்பிலை இருக்கிற தெருவிளக்கையும் சேர்த்து எழுது பிள்ளை, அது எரியாமல் எத்தினை நாள்” என்றார். அது வேறு ஆட்களின் வேலை ஆச்சி, பிரதேச சபைக்குத்தான் எழுத வேண்டும் என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

“எண்டால் ரெண்டு கடிதமா எழுது” என்றார்.